அப்பாவின் கப்பல் படத்தில் நான் வைத்த பொட்டு

இந்த நினைவு மலரின் உள்ளட்டையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. கப்பலின் மேல்தளத்தில் ஆறு பேர் நிற்கிறார்கள். இடது ஓரத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பவர் எங்கள் அப்பா. மற்ற ஐந்து பேருக்கும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த நிறத்தில் ஒரு கறை மட்டுமே இருக்கிறது. அச்சகத்தில் பிழை நேர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அச்சகத்தாரே இரண்டு முறை போன் செய்து, "மேடம், வேற நல்ல படம் இருந்தா குடுங்களேன்" என்று கேட்டார்கள். இதுதான் படம், இப்படியேதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. பிரிவுத் துயரைப் பற்றி நாலு வரி உருக்கமாக எழுது என்றார்கள் உறவினர்கள். எனக்குத் துயரைவிட அசதிதான் அதிகமாக இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் அப்பாவுக்கே பிடிக்காது.

அப்பா பிறந்தது கல்வராயன் மலையில், கரியாலூரிலிருந்து நடந்து போகிற தொலைவில் உள்ள ஒரு சிற்றூர். சாமையும் தினையும் விளையும் மேட்டு நிலம். ஐந்து பிள்ளைகளில் நான்காமவர். மலையிலிருந்து இறங்கி, விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்பு வரை படித்தார். கடற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, கூடப் படித்த இரண்டு பேரோடு சேர்ந்து போனார். அவர்கள் இருவரும் மார்பளவில் தேறவில்லை. அப்பா தேறினார். அதுவரை அவர் கடலைப் பார்த்தது கிடையாது. கப்பலில் என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்களாம். பாய்லர் அறையில் வேலை என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "கப்பல்ல அடுப்பெரிக்கற வேல" என்றிருக்கிறார். "அடுப்பெரிக்கவா அம்மாந்தூரம் போற? இங்க இன்னா அடுப்பு இல்லியா?" என்று அவருடைய அம்மா கேட்டாராம். வாழ்நாள் முழுவதும் அப்பா வாய்விட்டுச் சிரித்துச் சொன்ன கதை இது ஒன்றுதான்.

வங்கதேசம் பிறந்த போரின்போது அப்பா கடலில் இருந்தார். ஆனால் அந்தப் போரை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. கப்பலின் அடிவயிற்றில், நீராவிக் குழாய்களுக்கு நடுவே நின்றிருந்தார். மேலிருந்து மணி அடித்தால் அழுத்தத்தை ஏற்ற வேண்டும், மறுபடி அடித்தால் குறைக்க வேண்டும். "சண்ட எப்டிப்பா இருந்துச்சி?" என்று சிறு வயதில் நான் கேட்டதற்கு, "சூடா இருந்துச்சி" என்றார். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. எனக்கே அவமானமாக இருந்தது. மற்ற அப்பாக்கள் ஏரி மீன் பிடித்த கதையையே எவ்வளவு நீட்டிச் சொல்வார்கள்!

அவரிடம் அந்தக் காலத்துப் படங்கள் மொத்தம் பதினொன்று இருந்தன. கூட வேலை பார்த்த சமையற்காரர் ஒருவர் கேமரா வைத்திருந்தாராம். கப்பல் போருக்குப் புறப்படுவதற்கு முன் துறைமுகத்தில் எடுத்தவை அவை. உள்ளட்டையில் இருப்பது அவற்றில் ஒன்று. பாய்லர் அறையிலிருந்து ஆறு பேரும் படத்துக்காகவே மேலே ஏறி வந்தவர்கள். வெளிச்சத்தில் ஒருவருக்கும் கண் திறக்கவில்லை என்பார் அப்பா.

திருமணத்துக்குப் பிறகு அம்மா கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் எங்களோடு இருந்தார். அப்பா ஆண்டுக்கு ஒரு முறை விடுப்பில் வருவார். அப்படி வந்த ஒருமுறை அந்த ஆறு பேர் படத்துக்குச் சட்டம் போட்டு, கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் சுவரில் மாட்டுவது காலமானவர்களைத்தான். அம்மாவின் அப்பா, அம்மாவின் அண்ணன், அவர்களுக்குப் பக்கத்தில் இந்தக் கப்பல் படம். யார் இவர்கள், என்ன ஆனார்கள் என்று அம்மாவும் கேட்டுக்கொள்ளவில்லை. சண்டைக்குப் போன கப்பல், சுவரில் மாட்டிய படம். மாட்டிய ஆளைத் தவிர மற்றவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

அந்த ஆண்டு வெள்ளையடிக்கும்போது படம் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. கண்ணாடி இல்லாமலே திரும்ப மாட்டினோம். ஆயுத பூசை வந்தது. அரிவாள்மனை, தையல் மிஷின், என் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. சுவரில் இருக்கிறவர்களையும் ஈரத் துணியால் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும். ஸ்டூல் மேல் ஏறி நின்ற என்னிடம் அம்மா, "ஒங்கப்பாவுக்கு வச்சிடப் போற, பாத்து!" என்றார். அப்பா மேல் விரல் பட்டுவிடக் கூடாது என்று பயந்து பயந்து மற்ற ஐவருக்கும் வைத்தேன். படத்தில் ஒரு முகம் மிளகளவுதான் இருக்கும். என் விரல் அதைவிடப் பெரியது. மூன்று ஆயுத பூசைக்கு இப்படித் துடைத்துத் துடைத்து வைத்தேன். கடைசியாக வைத்தபோது எனக்குப் பத்து வயது.

இடையில் அப்பாவுக்கு விடுப்பே கிடைக்கவில்லை. அந்த ஆண்டுதான் பென்ஷன் வாங்கிக்கொண்டு பெட்டியோடு வந்து சேர்ந்தார். சுவரைப் பார்த்தார். பெட்டியை இறக்கி வைத்தார்.

சில வாரங்களில் அவருடைய நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் அவரைக் கடலூர் மாமா என்போம். படத்தில் இருக்கும் ஆறு பேரில் ஒருவர். விசாகப்பட்டினத்தில் இன்னும் பணியில் இருந்தவர், விடுப்பில் ஊருக்கு வந்திருந்தார். கூடத்துக்குள் நுழைந்தவர் சுவரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "இன்னாய்யா இது! நான் செத்து எத்தினி வருசமாவுது? ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. காபியைக் கூட என்னிடம்தான் கொடுத்தனுப்பினார். மாமா என்னைக் கூப்பிட்டு, "செத்தவனுக்குக் காபி குடுக்கற மொத ஆளு நீதான் பாப்பா" என்றார். பிறகு அவரும் அப்பாவும் வெளியே போனார்கள். அப்பா மட்டும் திரும்பி வந்தார். வந்ததும் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். அதன் பிறகு அது சுவருக்கு வரவில்லை. பெட்டிக்குள் போய்விட்டது.

அதற்குப் பின் சர்க்கரை ஆலையில் பாய்லர் வேலையில் சேர்ந்து, வயது முடியும்வரை அங்கேயே இருந்தார். அரவைக் காலத்தில் வீட்டுக்கு வந்தால் அவர் சட்டையில் கரும்புச்சாற்று வாடை அடிக்கும். யாரையும் கடிந்து பேசமாட்டார். வேட்டி, துண்டு, போர்வை எல்லாவற்றையும் ஒரே அளவில் மடித்து அடுக்குவார். எங்கள் படிப்புக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் பேச்சு குறைவு. அது எனக்கு எப்போதும் ஒரு மனக்குறையாகவே இருந்தது. கல் மாதிரி இருக்கிறாரே என்று அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

அம்மா போன பிறகு அப்பா என்னோடு இருந்தார். நுரையீரல் கெட்டுவிட்டது. நான் ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்கும் பிரிவில் வேலை செய்கிறேன். பகலெல்லாம் ஊராருடைய குறைகளை வாங்கி அடுக்கிவிட்டு வந்தால், வீட்டில் இவருக்கு மருந்துப் புகை பிடிக்க வேண்டும், வெந்நீர் வைக்க வேண்டும், சளியைத் துடைக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் இப்படி. தம்பி ஓசூரில் இருக்கிறான். தவறாமல் போன் செய்வான். "க்கா, கப்பல் போட்டோ எல்லாத்தையும் போன்ல எடுத்துடு. அப்பா சொல்றத ரெக்கார்டு பண்ணி வையி. அப்புறம் கெடைக்காது." சொல்வது எளிது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சாப்பாடு முடிந்ததும் சட்டம் போட்டதையும் சேர்த்துப் பதினொரு படங்களையும் பாயில் பரப்பி வைத்துக் கேட்பேன். அவர் நாலு வார்த்தை சொல்வார், பத்து முறை இருமுவார். ஒரு நாள் பொறுமை போய், "வாயத் தொறந்து சொன்னாத்தானப்பா ஆவும்!" என்று கத்திவிட்டேன். அவர் பதிலுக்குப் படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மூலை சரிசெய்து என்னிடம் நீட்டினார்.

ஆறு பேர் படத்தைக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை பேசியது என் போனில் இருக்கிறது. ஒவ்வொரு கறையாக விரலை வைத்துப் பெயர் சொல்கிறார். மூன்றாவது கறையில், "இவன் சிம்மாசலம். விசாகப்பட்டினத்துக்குப் பக்கம் மீன்காரங்க ஊரு. சண்டையப்ப ஸ்டீம் பைப்பு வெடிச்சி செத்துட்டான். நாந்தான் மேல தூக்கியாந்தேன்" என்கிறார். நான் அடுத்ததைக் கேட்கிறேன். அவர் தண்ணீர் கேட்கிறார். பிறகு நான் சிரித்துக்கொண்டே, "இதெல்லாம் நான் வச்ச பொட்டுதானப்பா?" என்கிறேன்.

"ஆமா பாப்பா. நல்லாத்தான் வச்ச."

அதற்கு மேல் மின்விசிறிச் சத்தம்தான் இருக்கிறது.

அடுத்த மழைக்காலத்தில் மூச்சு முட்டி மருத்துவமனையில் சேர்த்தோம். ஒன்பது நாள் இருந்தார். ஒரு காலை, நான் இட்லி வாங்கப் போயிருந்த நேரத்தில் போய்விட்டார். மலையில் அவர் பங்குக்கு மிஞ்சியிருந்த நிலத்திலேயே அடக்கம் செய்தோம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்த உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எல்லோரும் வாடிப்போய் உட்கார்ந்திருந்தீர்கள். நான்தான் கடலூர் மாமாவுக்குப் பொட்டு வைத்த கதையை எடுத்தேன். உயிரோடு இருந்தவரைக் கொன்ற கதை. எல்லோரும் சிரித்தீர்கள். எனக்கும் அன்று கொஞ்சம் பாரம் குறைந்த மாதிரி இருந்தது.

இந்த மலருக்காக அந்தப் படத்தை நன்றாக நகலெடுக்க வேண்டும் என்று, சட்டத்தோடு எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய ஸ்டுடியோவுக்குப் போனேன். கடையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார். பெரியவர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். படத்தைக் கண்டதும் அவர் எழுந்து வந்தார்.

"நீ கப்பக்காரரு பொண்ணாம்மா?"

"ஆமாங்க. ஒங்களுக்கு எப்டித் தெரியும்?"

அவர் சட்டத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். "இந்த ஆணியெல்லாம் நான் அடிச்சது. உள்ள லட்டர வச்சி அடிக்கச் சொன்னாரு ஒங்கப்பா. இன்னும் இருக்குதான்னு பாப்பம்."

ஆணிகளைக் கழற்றி அட்டையை எடுத்தார். படத்துக்குப் பின்னால் மடித்த நிலையில் ஒரு நீல நிற உள்நாட்டுக் கடிதம் இருந்தது. தெலுங்கில் எழுதியிருந்தது. பெரியவர் சித்தூரில் தொழில் பழகியவர், தெலுங்கு படிப்பார். ஆனால் உடனே படிக்கவில்லை. முதலில் நடந்ததைச் சொன்னார்.

"இந்த மூணாவது ஆள மட்டும் தனியா பெருசு பண்ணிக் குடுங்கன்னு எடுத்தாந்தாரு. நான் லென்ஸ் வச்சிப் பாத்தேன். மூஞ்சி எங்க இருக்குது? பேப்பரோட தோலே உரிஞ்சி வந்துக்கினு இருந்துச்சி. ஆரோ ஈரத்துணி போட்டுத் தொடச்சிருக்காங்கன்னேன். எம்பொண்ணு பொட்டு வச்சிச்சின்னாரு. ஜாட சொல்லுங்க, பிரஷ்ஷுல வரைஞ்சி தர்றேன்னேன். ரொம்ப நேரம் பாத்துக்கினே நின்னாரும்மா. வேணாங்க, பெத்தவளுக்கு வேற எவன் மூஞ்சியோ அனுப்பக் கூடாதுன்னுட்டாரு."

"பெத்தவளா?"

"அந்தம்மாதான் இந்த லட்டர் போட்டது. கடலூர்க்காரரு ஒருத்தர் கொண்டாந்து குடுத்தாராம். அவருகிட்ட இருந்த படம் தொலஞ்சி போச்சாம். இது ஒண்ணுதான் மிச்சம்னாரு ஒங்கப்பா. கெளம்பறப்ப, இது வூட்டுக்குத் தெரிய வேணாங்க, பொண்ணு சின்னது, தெரிஞ்சா காலத்துக்கும் இதயே நெனச்சிக்கினு இருக்கும்னு கேட்டுக்கினாரு. நானும் இத்தினி வருசமா வாயத் தொறக்கல. இப்ப அவரும் இல்ல. நீயே எடுத்தாந்துட்ட."

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடிதத்தைத் தமிழில் மெல்லச் சொன்னார். சிம்மாசலத்தின் அம்மா எழுதியது. புயலில் வீடு போய்விட்டது, மகனின் படங்களும் அதோடு போய்விட்டன. மகனுடைய குரல் நினைவிருக்கிறது. முகம்தான் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது. உங்களிடம் அவன் இருக்கும் படம் ஒன்று உண்டு என்று உங்கள் நண்பர் சொன்னார். அனுப்பினால் ஒரு முறை பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இவ்வளவுதான் கடிதம்.

நான் ஸ்டுடியோவில் உட்கார்ந்து அழுதேன். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கல் மாதிரி இருக்கிறார் என்று நான் குறைசொன்ன மனிதர் நாற்பது ஆண்டுகள் இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு எனக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறார், கல்யாணம் செய்து வைத்திருக்கிறார், பேரப்பிள்ளைகளைத் தோளில் தூக்கியிருக்கிறார். நான் கத்தியபோது படங்களை அடுக்கி நீட்டியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஒரு வரி எழுதியிருந்தால் ஏன் படம் அனுப்பவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். பொய் எழுத அவருக்கு வராது. உண்மையை எழுதினால் அதில் நான் இருப்பேன். அதனால் எழுதவே இல்லை.

தம்பியிடம் சொன்னேன். அவன் அன்று மாலையே கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டு, ஐந்து பேருக்கும் முகம் வரவழைத்து அனுப்பிவிட்டான். ஐந்து பேரும் நல்ல அழகு. ஐந்து பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே மூக்கு. "மலர்ல இதப் போடுக்கா, ஆருக்குத் தெரியப் போவுது?" என்றான்.

"அப்பா வேணாம்னு சொன்னதுடா இது."

அவனுக்குக் கோபம். இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு அவனே, "சரி, ஒன் இஷ்டம்" என்றான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு சீரான படம் வேண்டும் என்று ஆசைப்பட்டான், அவ்வளவுதான்.

கடிதத்தில் இருந்த முகவரிக்கு, ஸ்டுடியோப் பெரியவரைத் தெலுங்கில் எழுதச் சொல்லிப் பதிவுத் தபால் அனுப்பினேன். பெயருக்குரியவர் இங்கே இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஊர்ப் பெயரை வைத்து விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த அம்மா இத்தனை காலம் இருக்க வாய்ப்பில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டில் யாராவது இருப்பார்கள் என்று நினைக்கிறேன். நினைத்து நினைத்துச் சோர்ந்து போகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். நான் அலுவலகம் போன நேரமெல்லாம் அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்த எதிர்வீட்டு அக்காவுக்கு, மருத்துவமனையில் ஒன்பது நாளும் முகம் சுளிக்காத செவிலியர்களுக்கு, மலைப் பாதை வளைவுகளில் அப்பாவின் உடல் அசையாமல் வண்டியை ஏற்றிய ஓட்டுநருக்கு, மழையில் குழி வெட்டிய பங்காளிகளுக்கு, ஒரு ரகசியத்தை நாற்பது ஆண்டு காத்த ஸ்டுடியோப் பெரியவருக்கு, சண்டை போட்டாலும் மலர்ச் செலவை ஏற்றுக்கொண்ட தம்பிக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம். காரியத்தன்று என்னோடு சேர்ந்து சிரித்தவர்கள் மனம் சங்கடப்பட வேண்டாம். சிரிக்க வைத்தது நான்தான்.

அப்பா எழுதாமல் விட்ட பதில் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. அதை மகள் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

சிம்மாசலத்தின் அம்மாவுக்கு. உங்கள் கடிதம் எங்கள் அப்பாவுக்கு வந்து சேர்ந்தது. அவர் அதை உங்கள் மகனுடைய படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். உங்களுக்குப் படம் அனுப்ப அவருக்கு மனம் இல்லாமல் இல்லை. அனுப்புவதற்கு அதில் உங்கள் மகனின் முகம் இல்லை. அதை அழித்தது நான். படத்தில் அப்பாவைத் தவிர எல்லோரும் இறந்தவர்கள் என்று நினைத்து, மரியாதையாகத்தான் பொட்டு வைத்தேன். உண்மையில் மற்ற நான்கு பேரும் அப்போது உயிரோடு இருந்தார்கள் அம்மா. உங்கள் மகன் ஒருவர்தான் இல்லை.